பக்கத்து சீட்

ஜனவரி 9

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நானும் இவளும் சௌக்கியம். நீங்களும் அக்காவும் எப்படி இருக்கிறீர்கள், உங்கள் சர்க்கரை எந்த மட்டில் இருக்கிறது என்று எழுதுங்கள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் உங்களோடு நாலு வார்த்தை பேசுவதற்குள் அக்கா பிடுங்கிக்கொள்கிறாள். இது இப்போதைக்கு அவள் காதுக்குப் போகக் கூடாத விஷயம். அதனால் லாரி செட் முகவரிக்கே எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் தபால் பிரிவு சூப்பிரண்டு ஓய்வு பெற்றார். ஆளுக்கு நாலு வார்த்தை புகழ்ந்து, சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்து அனுப்பிவைத்தோம். மறுநாள் அவர் மேஜையை நகர்த்தினார்கள். தரையில் மேஜைக்கால் இருந்த இடத்தில் நாலு கறுப்பு வட்டங்கள். பெருக்குகிற அம்மா தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். "இது ஊறிப்போச்சு சார், இனிமே போகாது" என்றாள். மதியம் மேனேஜர் கூப்பிட்டு, அந்த இடம் இனி எனக்குத்தான் என்றார். எல்லோரும் கைகொடுத்தார்கள். எனக்கு அந்த நாலு வட்டங்கள்தான் கண்ணில் நின்றன.

இருபது வருஷமாக உறையைக் கிழித்து, முத்திரை குத்தி, ஏதோ ஒரு பிரிவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அதற்கப்புறம் அந்தக் காகிதம் என்ன ஆனது என்று ஒரு தடவைகூட எனக்குத் தெரிந்ததில்லை. நீங்கள் ஓர் ஊரில் லோடு ஏற்றினால் இன்னோர் ஊரில் இறக்கிவிட்டுத்தான் படுக்கிறீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் செஸ் விளையாடப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஒரு வருஷமாகத் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். ஹெவி லைசென்சும் வாங்கியாயிற்று. ஆபீசை விட்டுவிட்டு உங்களோடு துணை டிரைவராக வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா? பைத்தியம் என்று திட்டுவதானால் எழுதியே திட்டுங்கள்.

பதிலுக்கு ஏங்கும்,
மச்சான்


பிப்ரவரி 1

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நான் நல்லபடியாக இருக்கிறேன். சர்க்கரை என்னைவிட நல்லபடியாக இருக்கிறது. உன் கடிதம் செட்டுக்கு வந்து, நானும் செட்டுக்கு வந்து, இரண்டு பேரும் சந்தித்துக்கொள்ள மூன்று வாரம் ஆகிவிட்டது. இப்போது லோடு இறக்க வரிசையில் நிற்கிறேன். ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து எழுதுவதால் எழுத்து ஆடியிருக்கும், பொறுத்துக்கொள்.

பைத்தியம். எழுதிவிட்டேன்.

மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து வேளைக்கு டீ குடிக்கிறவனுக்கு ரோட்டில் என்னடா வேலை? இங்கே முதுகும் முழங்காலும் ஒரே நாளில் உன்னோடு பேச்சை நிறுத்திவிடும். குளிப்பது ஒரு பம்புசெட்டில், தூங்குவது ஒரு புளிய மரத்தடியில். ஏற்றுகிற இடத்தில் அவசரம் என்பார்கள், இறக்குகிற இடத்தில் நாளைக்கு வா என்பார்கள். நடுவில் நீ.

இவ்வளவும் எழுதிவிட்டு உண்மையையும் எழுதிவிடுகிறேன். முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்கு இந்த வேலை சலித்ததில்லை. என் துணை டிரைவர் போன மாதம் சொந்த வண்டி வாங்கிக்கொண்டு போய்விட்டான். நீ வந்தால் பேச்சுத் துணைக்காவது ஆகும். ஆனால் என் தங்கச்சி, அதுதான் உன் பெண்டாட்டி, தலையாட்டாமல் என் வண்டியில் கால் வைக்காதே.

உன் அக்காவிடம் நான் சொல்லவில்லை. எனக்கும் உயிர்மேல் ஆசை இருக்கிறது.

அத்தான்


பிப்ரவரி 8

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் கடிதத்தைப் படித்து நான் தனியாகச் சிரித்ததில் இவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சரி, வந்தது வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இவள் ஆச்சரியப்படவே இல்லை. "செஸ்ஸுன்னு சொல்லிட்டுப் போவீங்க, கையில கிரீஸோட வருவீங்க. எந்த ஊரு செஸ்ல கிரீஸ் ஒட்டும்? நீங்களா வாயத் திறக்கட்டும்னுதான் இருந்தேன்" என்றாள். நாள் முழுக்க கிளினிக்கில் ஊசியைக் குத்தி ரத்தம் எடுக்கிறவள். அவளிடம் நான் எதையும் மறைத்துக் கிழித்துவிட முடியாது என்று இப்போதுதான் உறைக்கிறது.

மூன்றாம் நாள் சொன்னாள்: "அந்த ஆபீஸ்ல நீங்க வாடிப்போறதப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். போங்க. ஆனா முதல் ஒரு வருஷம் அண்ணன் கூடத்தான் போகணும். வேற எவன் வண்டியிலயும் ஏறக் கூடாது. ஏறினீங்கன்னா நம்ம பேச்சு அதோட சரி."

ஏன் அத்தானோடு மட்டும் என்று கேட்டேன். தக்காளி லோடோடு வரும்போது உங்களுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றி, ஓரம்கட்டிப் படுத்து, பாதித் தக்காளி அழுகி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டீர்களே, அதைச் சொன்னாள். "ஓட்டறதுக்கு ஊருல ஆயிரம் பேர் இருக்காங்க. அண்ணனுக்கு நிறுத்தத் தெரியும்" என்றாள்.

ஆக, எல்லாம் உங்கள் கையில். சரி என்று ஒரு வரி வந்தால் ராஜினாமா கொடுத்துவிடுவேன். மூன்று மாத நோட்டீஸ். உங்கள் பதில் வர மார்ச் ஆனாலும் ஜூன் கடைசியில் விடுதலை.

மச்சான்


மார்ச் 20

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே குறை ஒன்றும் இல்லை. அங்கே நீயும் தங்கச்சியும் நலமாக இருக்க வேண்டும். கடிதம் கைக்கு வர மறுபடியும் தாமதம். தொடர்ந்து மூன்று டிரிப், வீட்டுக்கே போகவில்லை.

தங்கச்சி சொன்னதைப் படித்து எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு அந்தத் தக்காளிக்காக எத்தனை பேர் என்னைக் கேலி செய்தார்கள். சரி என்று நான் சொன்னதாக அவளிடம் சொல். உன்னை எப்படிக் கூட்டிக்கொண்டு போகிறேனோ அப்படியே திருப்பிக் கொண்டுவந்து விடுவேன்.

வரும்போது மெத்தையெல்லாம் கட்டிக்கொண்டு வராதே. நல்ல போர்வை ஒன்று, பூட்டோடு ஒரு பெட்டி, பின்பக்கம் பட்டை வைத்த செருப்பு. செருப்பு முக்கியம். போன டிரிப்பில் என் வலது கால் செருப்பு எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. இரண்டு ஊர் தாண்டி டீ குடிக்க இறங்கும்போதுதான் தெரிந்தது. போனில் சொன்னால் உன் அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவளிடம் உன் சங்கதியையும் சொல்லிவிட்டேன். முதலில் குதித்தாள், அப்புறம் உனக்குத் தலையணை உறை தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

ராஜினாமாவைக் கொடு. வா.

அத்தான்


மார்ச் 28

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம், நீங்கள் சுகமாக வண்டி ஓட்டுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

கொடுத்துவிட்டேன். மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "உடம்பு எதுவும் சரியில்லையா?" என்று கேட்டார். லாரி ஓட்டப் போகிறேன் என்றேன். "சொந்தமா லாரி வாங்குறீங்களா, நல்ல யோசனை" என்றார். இல்லை சார், ஓட்டப் போகிறேன் என்றேன். அதற்கப்புறம் என்னிடம் குரலைத் தாழ்த்தியே பேசுகிறார், வீட்டில் துக்கம் நடந்தவனிடம் பேசுவது மாதிரி. சூப்பிரண்டு நாற்காலிக்கு வேறு ஆளைப் போட்டாயிற்று. இனி திரும்பிப் போக எனக்கு ஆபீசில் இடம் கிடையாது.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் காலையில் கடிகாரத்துக்கு முன்னால் எழுந்திருக்கிறேன். ஜூலை முதல் வாரத்தில் எந்தப் பக்கம் டிரிப் இருக்கும் என்று மட்டும் எழுதுங்கள். இவள் தேதி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

மச்சான்


மே 9

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு எழுதவும்.

ஏப்ரல் முழுக்கப் பதில் போட முடியவில்லை. ஓட்டம் அதிகம். ஜூலை டிரிப் பற்றி இப்போதே சொல்வதற்கில்லை. சரக்கு மந்தமாக இருக்கிறது. இரண்டு மாதம் தள்ளி வந்தால்கூடக் குடிமுழுகிவிடாது.

சும்மா ஒன்று கேட்கிறேன். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்புக்கு மேலே ஓர் இடத்தில் பிடித்துக்கொள்ளுமே, அதற்கு நீ என்ன செய்வாய்? சாப்பிட்ட பிறகு தூக்கம் வந்தால் எப்படிச் சமாளிப்பாய்? பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே எத்தனை நேரம்தான் ஓர் ஆள் விழித்திருக்க முடியும்? செட்டில் ஒருத்தன் கேட்டான், அதற்காகத்தான்.

அத்தான்


மே 14

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கண்டதும்தான் எனக்கு மூச்சே வந்தது. நாங்கள் சுகம்.

செட்டில் கேட்டவருக்குச் சொல்லுங்கள். நாற்காலியில் சாய்கிற இடத்தில் துண்டை உருட்டி வைக்க வேண்டும். மதியம் தூக்கம் வந்தால், வேண்டாத ஃபைல் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசி மேஜை வரைக்கும் போய்விட்டு வரலாம். கையில் ஃபைல் இருந்தால் எங்கே போகிறாய் என்று எவரும் கேட்கமாட்டார்கள். நான் இருபது வருஷம் அப்படித்தான் நடந்தேன். கணக்குப் போட்டால் உங்கள் லாரி அளவுக்கு நானும் ஓடியிருப்பேன்.

கேலி இருக்கட்டும். இரண்டு மாதம் தள்ளி வா என்பது எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. ஜூலையில் நான் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் இவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? சரக்கு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, சின்ன டிரிப்பாவது சொல்லுங்கள்.

மச்சான்


மே 18

பொருள்: வேலையிலிருந்து விலகுவது – மறுபரிசீலனை செய்வது – தொடர்பாக.

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. துண்டு விஷயம் நல்ல யோசனை, பலன் தெரிகிறது.

நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள். மேனேஜர் நல்ல மனிதர் மாதிரித் தெரிகிறது, கேட்டால் மறுக்கமாட்டார். நாற்பத்துமூன்று வயதில் புதுத் தொழில் வேண்டாம். பெரியவன் சொல்கிறேன், கேள். காரணம் எல்லாம் கேட்காதே. உன் அக்காவுக்கும் இதுதான் அபிப்பிராயம்.

அத்தான்


மே 23

அத்தானுக்கு,

உடம்பெல்லாம் சுகம்தான். மனசு சுகமாக இல்லை.

உங்களை நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்? "வா" என்று எழுதியது நீங்கள்தானே? இப்போது என்னைப் போய் அந்த மேனேஜர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கச் சொல்கிறீர்கள். இத்தனை வருஷப் பழக்கத்தில் முதல் தடவையாக உங்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இன்னொன்று. நான் தபால் பிரிவுக்காரன். எந்தக் கடிதம் எங்கே எத்தனை நாள் தூங்கும் என்பதுதான் என் பிழைப்பு. ஜனவரியில் நீங்கள் பதில் போட மூன்று வாரம் ஆனது. ரோட்டில் ஓடுகிறவருக்கு அதுதான் நியாயம். இந்த மாதம் நான் எழுதிய நாலாம் நாள் உங்கள் பதில் தேதி போட்டு வருகிறது. கடிதம் வரும்போதே செட்டில் தயாராக உட்கார்ந்திருக்கிற ஆளால்தான் அது முடியும்.

அப்புறம், கடிதத் தலைப்பில் அந்தப் 'பொருள்' வரி. கோடு கோடாக இழுத்து, "தொடர்பாக" என்று முடித்திருக்கிறீர்கள். மைத்துனனுக்கு எழுதும் கடிதத்தில் ஒரு லாரி டிரைவர் அதைப் போடமாட்டார். நாள் முழுக்க அதையே எழுதி எழுதிக் கை பழகியவர்தான் தெரியாமல் போடுவார்.

துண்டு பலன் தருகிறது என்கிறீர்கள். யார் முதுகுக்கு?

எங்கே இருக்கிறீர்கள் அத்தான்? உங்களுக்கு என்ன ஆயிற்று?

மச்சான்


மே 29

அன்புள்ள மச்சானுக்கு,

நீ கோபப்பட்டது சரி. அந்தப் பொருளை நான் போட்டதே எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் படித்துத்தான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மார்ச் கடைசியில், உன்னை வா என்று எழுதிய அடுத்த வாரம், ஒரு குடோனில் வண்டியைப் பின்னால் எடுத்தேன். பிரேக்கில் கால் வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், வண்டி நிற்கவில்லை. குனிந்து பார்த்தால் என் கால் ஆக்சிலேட்டர் மேல் இருக்கிறது. கால் எதன்மேல் இருக்கிறது என்று காலுக்கே தெரியவில்லை. பின்சுவர் இடிந்து விழுந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் மூட்டை தூக்குகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அப்போதுதான் டீ குடிக்க எழுந்து போயிருந்தார்கள். நாலு பேர்.

செருப்பு விழுந்ததைச் சொல்லிச் சிரித்தோமே, அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். டாக்டர் பாதத்தில் ஊசியால் குத்திக் குத்திக் கேட்டார். எனக்கு அவர் குத்துவது தெரியவே இல்லை. சர்க்கரை செய்த வேலை. இனி அது திரும்பாதாம்.

அன்றைக்கே சாவியை முதலாளி மேஜையில் வைத்துவிட்டேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. செட்டிலேயே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்து, கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதச் சொன்னார். சுழல்கிற நாற்காலி. நாள் முழுக்கச் சுழல்கிறேன், ஓர் ஊரும் வரவில்லை. என்னிடம் வண்டி பழகிய பையன்களெல்லாம் வாசலில் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்கள். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கிறது.

உன்னிடம் எப்படிச் சொல்வேன்? தங்கச்சி என்னை நம்பித்தான் உன்னை விடுகிறாள். எனக்கே கால் இல்லை என்று தெரிந்தால் உன் ஆசை அங்கேயே முடிந்தது. அதனால் உன் அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு வாயை மூடினேன்.

ஒரு வழி இருக்கிறது. நம் செட்டில் நிதானமான டிரைவர் ஒருவர் இருக்கிறார். அவரோடு உன்னை ஏற்றிவிடுகிறேன். வீட்டில் என்னோடு வருவதாகவே சொல். தங்கச்சி போன் போட்டால் நானும் அப்படியே சொல்கிறேன். யோசித்து எழுது.

அத்தான்


ஜூன் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை இவர் என் கையிலேயே கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். போய்ப் பார்த்தால் காய்ந்த துணிகளை மறுபடியும் மறுபடியும் மடித்துக்கொண்டிருக்கிறார். "போக வேண்டாம்னு நீ சொன்னா போகல. உன்கிட்ட பொய் சொல்லிட்டு மட்டும் என்னால வண்டி ஏற முடியாது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. செஸ் விளையாடப் போன மனிதர்தானே இவரும்.

முதலில் உங்கள் கால். மரத்துப்போன பாதங்களைத் தினமும் கிளினிக்கில் பார்க்கிறவள் நான். வீட்டுக்குள்ளேயும் செருப்பு இல்லாமல் நடக்காதீர்கள். சாயங்காலம் அண்ணியை விட்டுப் பாதத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், காயம் இருந்தால் உங்களுக்குத் தெரியாது. வெந்நீரைக் காலில் ஊற்றாதீர்கள். பொய் சொல்லச் சொல்லிக்கொடுத்தீர்களே, அதற்கு உங்களோடு தனியாகச் சண்டை இருக்கிறது.

இப்போது என் பேச்சு. எவரும் சொல்லாமல், எவருக்கும் அடிபடாமல், நீங்களாகச் சாவியை மேஜையில் வைத்திருக்கிறீர்கள். முப்பது வருஷம் ஓட்டியவர் எத்தனை பேர் அதைச் செய்வார்கள்? கால் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு இன்னும் நாலு டிரிப் போயிருப்பார்கள். இப்படி ஒரு மனிதர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் பிப்ரவரியிலும் கேட்டேன். இப்போதும் அதையேதான் கேட்கிறேன். அந்த நிதானமான டிரைவரும் இவரும் மாற்றி மாற்றி ஓட்டட்டும். முதல் டிரிப்புகளுக்காவது நீங்கள் கூடப் போங்கள். சும்மா உட்கார்ந்து வாருங்கள். முதலாளியிடம் கேட்பது உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் நானே போன் போடுகிறேன்.

நீங்கள் வரவில்லை என்றால் இவரும் போகமாட்டார். வேறு வேலை தேடிக்கொள்வார். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

தங்கச்சி


ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். லோடு இறக்க நாளைக்கு வா என்றுவிட்டார்கள், அதனால் ஓய்வாக எழுதுகிறேன். நீ சொன்னபடி வேளைக்கு மாத்திரை கொடுக்கிறேன். பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். கூச்சமாக இருக்கிறது என்று ஒரே திட்டு.

இவள் கடிதத்துக்கு அத்தான் பதிலே போடவில்லை என்பது உனக்குத் தெரியும். நான் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். நேரில் ஒரு தடவை அவரைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் அன்றைக்குச் செட்டுக்கு வந்தேன். வந்தால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "உன் பெண்டாட்டி முதலாளிக்குப் போன் போட்டுட்டா. மனுஷன் இன்னும் மிரண்டுபோய் இருக்கான். ஏறுடா" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

என் முறை வந்தபோது அந்த நிதானமான டிரைவர் பின்னால் படுத்துத் தூங்கிவிட்டார். நானும் அத்தானும்தான். நான் கியர் மாற்றுவதில்கூட அவர் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா? தப்புச் செய்துவிட்டோமோ, கூட்டி வந்திருக்கக் கூடாதோ என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

ஓர் இறக்கத்தில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். பக்கத்தில் தட் என்று சத்தம். அத்தானின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் கவனித்தேன் அக்கா. ஒவ்வொரு திருப்பத்திலும், குறுக்கே ஆடு வந்தபோதும், நான் மிதிக்கிற அதே நேரத்தில் அவரும் மிதிக்கிறார். பல தடவை எனக்கு ஒரு கணம் முன்னாலேயே மிதித்துவிடுகிறார்.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். காலை இழுத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு, வெளியே பார்த்தபடி சொன்னார்: "எப்ப மிதிக்கணும்னு காலுக்கு இன்னும் தெரியுதுடா. மிதிச்சது மட்டுந்தான் அதுக்குத் தெரியல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்தாலும் ரோடு சரியாகத் தெரியவில்லை. இண்டிகேட்டர் போட்டு, ஓரம்கட்டி, வண்டியை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினாய் என்று அத்தான் கேட்கவில்லை.

உன் தம்பி